தேவிக்கு முதல் சேப்டர்லயே தெரிஞ்சிருச்சு

போன இதழ்ல 'செமட்ரி பாய்ஸ்' நாவலை பத்தி ஒரு பாரா எழுதியிருந்தேன். லாஸ் ஏஞ்சலஸ்ல ஆவிகளை வழியனுப்பி வைக்கிற ஒரு லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பம், அதுல ஒரு திருநம்பி (பொண்ணா பொறந்ததா சொல்லி வளர்க்கப்பட்ட, ஆனா பையனா வாழற) பையன், அவன் தெரியாம ஒரு பேயை கூப்பிட்டுட்டு அந்த பேய் மேலயே லவ்ல விழற கதைன்னு. அந்த ஒரு பாராவுக்கே இவ்ளோ கேள்வி வந்திருக்கறதால இந்த தடவை பக்கம் முழுக்க இந்த புக்குக்குத்தான். கிளைமாக்ஸை எங்கயும் சொல்லல, தைரியமா படிங்க.

அக்கா, கதையை கொஞ்சம் டீடெய்லா சொல்லுங்களேன், வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும். (காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் வாசகி)

வாங்குங்க தங்கச்சி. ஏய்டன் தாமஸ் எழுதி 2020 செப்டம்பர்ல வந்த புக். யாட்ரியலுக்கு 16 வயசு. அவங்க வீடே ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள்ளதான் இருக்கு. அவங்க சமூகத்துல ஒவ்வொருத்தருக்கும் பிறவியிலயே ஒரு சக்தி உண்டு. பொண்ணுங்க ப்ரூஹா, காயத்தை ஆத்துவாங்க, நோயை போக்குவாங்க. ஆம்பளைங்க ப்ரூஹோ, இங்கயே மாட்டிக்கிட்டு தவிக்கிற ஆவிகளோட கட்டை அறுத்து அனுப்பி வைப்பாங்க. 15 வயசானதும் மரண தேவி முன்னாடி ஒரு சடங்கு நடக்கும், அதுல அந்த சக்தி முழுசா வந்து சேரும். யாட்ரியல் தன்னை ப்ரூஹோவா ஏத்துக்க சொல்றான், பெரியவங்க மாட்டேங்கறாங்க, ப்ரூஹாவா பண்ணிக்கோன்னா இவன் மாட்டேங்கறான், அப்படியே சடங்கு தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு.

கடைசில அவனும் அவன் கசின் மரிட்ஸாவும் ராத்திரில சர்ச்சுக்குள்ள திருட்டுத்தனமா போய் அந்த சடங்கை தாங்களே நடத்திடறாங்க. நாவல் ஆரம்பிக்கறதே இங்கதான். அதே ராத்திரி அவங்க இன்னொரு கசின் மிகேல் செத்துப்போனது குடும்பத்துல எல்லாருக்கும் உள்ளுக்குள்ள தெரிஞ்சுடுது, ஆனா உடம்பு எங்கன்னு யாருக்கும் தெரியல. மிகேலோட ஆவியை கூப்பிட்டு கேட்டா விஷயம் தெரிஞ்சுடும், நானும் ப்ரூஹோதான்னு வீட்டுக்கும் நிரூபிச்சிடலாம்னு யாட்ரியல் கூப்பிடறான், வந்து நிக்கறதோ அவன் ஸ்கூல்லயே படிச்ச ஜூலியன் தியாஸ், ஊரெல்லாம் ரவுடின்னு பேர் வாங்கினவன். தான் எப்படி செத்தோம்னே ஜூலியனுக்கு தெரியல. என் ஃப்ரெண்ட்ஸ் பத்திரமா இருக்காங்களான்னு பார்க்காம நான் போகமாட்டேன்னு உட்கார்ந்துக்கறான். அப்புறம் இந்த பேயை ரூம்ல ஒளிச்சு வெச்சுக்கிட்டே கொலையை துப்பு துலக்கறாங்க, நடுவுல லவ்.

திருநம்பி கதைன்னாலே நான் யாருன்னு புரியாம தவிக்கறது, கண்ணாடி முன்னாடி அழறது, இதுதானே வரும்? இதுல என்ன புதுசு? (பெயர் வேண்டாம்னு எழுதியிருக்கார்)

இந்த புக்கை நான் இவ்ளோ தூக்கி வெச்சு பேசறதுக்கு காரணமே இதுதான். மேல சொன்ன சடங்குல என்ன ஆகுதுன்னா, தேவி அவனை ப்ரூஹோவா ஏத்துக்கறா. சக்தி வந்துடுது, கையில இருக்கற கத்தி ஒளி விடுது. இது நடக்கறது கிளைமாக்ஸ்ல இல்ல, முதல் சேப்டர்ல. அவன் பையனா இல்லையாங்கற கேள்விக்கு கதை அங்கயே புள்ளி வெச்சிருச்சு, மீதி இருக்கற முன்னூறு பக்கத்துக்கும் மேல அதை யாரும் திரும்ப எடுத்து ஆராய்ச்சி பண்றதில்ல. வீட்டுக்காரங்க எப்ப கண்ணை திறந்து பார்க்கப் போறாங்கங்கறது மட்டும்தான் பாக்கி. அதாவது பரீட்சை அவனுக்கு இல்ல, அவங்களுக்கு.

பல கதைகள்ல இது தலைகீழா இருக்கும். ஹீரோ ஏதாவது பெரிய தியாகம் பண்ணணும், அடி வாங்கணும், ஊரை காப்பாத்தணும், அப்புறம்தான் எல்லாரும் சேர்ந்து சரி நீயும் எங்கள்ல ஒருத்தன்தான்னு சர்ட்டிஃபிகேட் குடுப்பாங்க. இங்க யாட்ரியலும் அப்படித்தான் நம்பிக்கிட்டு ஓடறான், ஒரு ஆவியையாவது அனுப்பி காட்டிட்டா அப்பா ஒத்துப்பார்னு. படிக்கற நமக்கு மட்டும் தெரியுது, இவன் நிரூபிக்க வேண்டியது எதுவுமே இல்லன்னு. அவன் ஓடறதை பார்க்கறப்ப வர்ற வலி அதுனாலதான், அடிதடி சீனை விட அது ஆழமா இறங்குது.

நான் திருநம்பி, 19 வயசு. வீட்ல என்னை அடிச்சு துரத்தறதெல்லாம் இல்ல, பாசமாத்தான் இருக்காங்க, ஆனா பழைய பேரை சொல்லித்தான் கூப்பிடறாங்க, கேட்டா பழக்கதோஷம்னு சொல்றாங்க. இந்த புக்கை படிச்சா மனசு கஷ்டமாகுமா அக்கா?

தம்பி, உங்க லெட்டரை ரெண்டு மூணு தடவை படிச்சேன். கஷ்டமாகற இடங்கள் இருக்கு, அதை மறைக்காம சொல்லிடறேன். யாட்ரியல் வீடும் கிட்டத்தட்ட உங்க வீடு மாதிரிதான். பாட்டி லீட்டா வயித்துக்கு வஞ்சனை இல்லாம சமைச்சு போடறாங்க, அப்பா அவன் மேல உயிரா இருக்கார், ஆனா வாய் தவறிக்கிட்டே இருக்கு. மிகேலை தேட ஆம்பளைங்கெல்லாம் கிளம்பறப்ப இவனும் கிளம்பறான், அப்பா இவனை பொண்ணுங்களோட இருக்க சொல்லிட்டு போயிடறார். அவர் அதை கெட்ட எண்ணத்துல சொல்லல, யோசிக்காம சொல்றார், அதனாலதான் அது அப்படி குத்துது. வெறுக்கறவங்களை எதிர்த்து நிக்க ஒரு கோபம் துணைக்கு வரும், பாசமா இருக்கறவங்க வலிக்க வைக்கறப்ப கோபப்படவும் முடியல, விட்டுத்தள்ளவும் முடியல. இதை இவ்ளோ துல்லியமா எழுதின இளையோர் நாவல் நான் படிச்சதுல ரொம்ப கம்மி.

அவனை முழுசா புரிஞ்சுக்கிட்டவங்க அம்மா. கதை ஆரம்பிக்கறப்ப அவங்க உயிரோட இல்ல. தியா தெ முவெர்தோஸ்ங்கற மெக்சிகோவோட இறந்தவங்க திருநாள் வருது, அன்னைக்கு செத்தவங்க ஆவி திரும்பி வரும், அம்மாவை பார்க்கலாம்னு அவன் நாள் எண்ணிக்கிட்டு இருக்கான். அந்த பக்கங்களை நிதானமா, மனசு நல்லா இருக்கற ஒரு நாள்ல படிங்க.

ஆனா உங்களுக்கு ஆறுதலா ஒரு விஷயம் சொல்றேன், யாட்ரியலோட பழைய பேரை ஆசிரியர் நமக்கு சொல்றதே இல்ல. வீட்ல யாராவது அந்த பேரை சொல்லிட்டாங்கன்னா கூட, சொன்னாங்கன்னு மட்டும்தான் வரும், பேர் வராது. ஸ்கூல் இயர்புக்ல அவன் ஃபோட்டோவுக்கு கீழ பழைய பேர் அச்சாகியிருக்கும், ஜூலியன் அதை அடிச்சுட்டு யாட்ரியல்னு எழுதி வைப்பான். பேய்க்கு ஒரு பொருளை தூக்கறதே கஷ்டம், அந்த கஷ்டத்தோட அதை பண்ணியிருக்கான். ஐ லவ் யூ எல்லாம் அப்புறம்தான், எனக்கு காதல் அங்கயே சொல்லி முடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏய்டன் தாமஸும் திருநர்தான், எந்த இடத்துல கதவை மூடி வைக்கணும்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு.

முடிவு சந்தோஷமான முடிவு. உங்களுக்காக இதை மட்டும் ரூலை மீறி சொல்றேன். வீட்ல நிஜமாவே முயற்சி பண்ணத் தயாரா இருக்கற ஒருத்தர் இருந்தா, அக்காவோ சித்தியோ, அவங்களுக்கு முதல்ல இதை படிக்க குடுங்க.

தப்பா எடுத்துக்காதீங்க, நிஜமாவே புரியாமத்தான் கேக்கறேன். கடைசில ஒரு பையனைத்தான் லவ் பண்றான்னா பொண்ணாவே இருந்திருக்கலாமே, எதுக்கு இவ்ளோ போராட்டம்? (இல்லத்தரசி, 52 வயசு)

நிறைய பேர் மனசுல இருக்கறதை கேட்டிருக்கீங்கம்மா. நான் யாருங்கறது ஒண்ணு, எனக்கு யாரை பிடிக்குதுங்கறது வேற ஒண்ணு. ஒருத்தரை பிடிக்குதுங்கறதுக்காக நாம யாருன்னு மாத்திக்க முடியாது இல்லயா. பையன்களை நேசிக்கிற பையன்கள் இருக்காங்க, யாட்ரியல் அவங்கள்ல ஒருத்தன். ஜூலியனும் தான் 'கே' (பையன்களை நேசிக்கிற பையன்) அப்படின்னு கதையில ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு அடுத்த பேச்சுக்கு போயிடறான். அவன் யாட்ரியல்கிட்ட பார்க்கறது ஒரு பையனைத்தான், அதனாலதான் அந்த காதல் யாட்ரியலுக்கு இவ்ளோ பெருசா படுது. ஒரு வேளை ஜூலியன் மனசுக்குள்ள இவனை பொண்ணா நினைச்சுக்கிட்டு நேசிச்சிருந்தா, அது இவனை நேசிச்சதாவே ஆகாது. கதையை இந்த கண்ணோட படிச்சு பாருங்க, நான் சொல்றதை விட நாவல் நல்லா புரிய வைக்கும்.

தியா தெ முவெர்தோஸ்ங்கறது மெக்சிகோ ஹாலோவீனா? (பத்தாம் வகுப்பு மாணவன்)

இல்லப்பா. தேதி பக்கத்துல பக்கத்துல வர்றதால அந்த குழப்பம். ஹாலோவீன்ல பேய்னா பயம், பயமுறுத்தற விளையாட்டு. இது செத்தவங்களை வீட்டுக்கு விருந்தாளியா கூப்பிடற நாள். நவம்பர் 1 சின்ன வயசுல இறந்த குழந்தைகளுக்கு, நவம்பர் 2 பெரியவங்களுக்குன்னு வெச்சிருக்காங்க. வீட்ல ஒஃப்ரெண்டான்னு ஒரு படையல் மேடை கட்டுவாங்க, அதுல இறந்தவங்க ஃபோட்டோ, மெழுகுவர்த்தி, அவங்களுக்கு பிடிச்ச சாப்பாடு, இதுக்குன்னே சுடற இனிப்பு ரொட்டி, உப்பு, அவ்ளோ தூரம் நடந்து வர்றவங்களுக்கு தாகம் எடுக்கும்னு ஒரு கிளாஸ் தண்ணி. கோபால்னு ஒரு மரப்பிசினை தூபமா போடுவாங்க. ஆரஞ்சு கலர் பூ இதழை வாசல்லேர்ந்து மேடை வரைக்கும் தூவி வழி காட்டுவாங்க, அந்த பூ வேற எதுவும் இல்ல, நம்ம செண்டுமல்லிதான். அதோட பூர்வீகமே மெக்சிகோ.

ஸ்பானியர்கள் வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்த மக்களோட வழக்கமும், ஸ்பானியர்கள் கொண்டு வந்த கத்தோலிக்க கல்லறைத் திருநாளும் கலந்து வந்ததுன்னு பொதுவா சொல்வாங்க. யுனெஸ்கோ 2008ல இதை மனிதகுலத்தோட பண்பாட்டு மரபு பட்டியல்ல சேர்த்தாங்க. தொப்பி போட்ட எலும்புக்கூடு சீமாட்டி படம் பார்த்திருப்பீங்க, லா கத்ரீனா, அது ஹோசே குவாதலூபே போசாதாங்கற அச்சு ஓவியர் வரைஞ்சது, அவர் 1913ல இறந்துட்டார்.

நாவலுக்கு இந்த நாள் ஒரு டெட்லைன் மாதிரி. எல்லா பதட்டமும் அதை நோக்கித்தான் ஓடுது.

மரண தேவியை நிஜமாவே கும்பிடறாங்களா? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

நாவல்ல வர்ற லேடி டெத்தும் அவங்களை சுத்தியிருக்கற சடங்கும் ஆசிரியரோட கற்பனை சார். ஆனா அதுக்கு வேர் இருக்கு. பழைய மெக்சிகோவுல வாழ்ந்த ஆஸ்டெக் மக்கள் மிக்ட்லான்னு ஒரு பாதாள உலகத்தை நம்பினாங்க, அதோட அரசி மிக்தெகாசிவாட்டல். மாயா மக்களுக்கு ஷிபால்பான்னு ஒரு பாதாளம், நாவல்ல அந்த பேரும் வருது. இன்னைக்கும் மெக்சிகோவுலயும் அமெரிக்காவுலயும் சாந்தா முவெர்த்தேன்னு ஒரு எலும்புக்கூடு அன்னையை லட்சக்கணக்கானவங்க வணங்கறாங்க, கத்தோலிக்க திருச்சபை அதை ஏத்துக்கறதில்ல. சமூகம் ஒதுக்கி வெச்சவங்க, அதுல திருநர்களும் உண்டு, அவகிட்ட போறாங்க, ஏன்னா சாவு யாரையும் தரம் பிரிக்கறதில்லங்கறது அவங்க நம்பிக்கை. நாவலோட தேவியும் பெரியவங்க சொன்ன கட்டுப்பாட்டை கேக்காம யாட்ரியலை ஏத்துக்கறாளே, அதோட இதை சேர்த்து யோசிச்சு பாருங்க.

என் பொண்ணுக்கு 14 வயசு, லைப்ரரில எடுத்துட்டு வந்துட்டா. படிக்க விடலாமா? (ஒரு அம்மா)

தாராளமா விடலாம். முத்தம் வரைக்கும்தான், அதுக்கு மேல எதுவும் இல்ல. கொலை, ரத்தம் இருக்கு, மந்திரத்துக்கே ரத்தம் தேவைப்படற உலகம் அது (மரிட்ஸா வீகன், மிருக ரத்தம் தொடமாட்டேன்னு தன் வைத்திய சக்தியையே பயன்படுத்தாம இருக்கா, எனக்கு ரொம்ப பிடிச்ச கேரக்டர்). கெட்ட வார்த்தைகள் அங்கங்க வரும். அதை விட முக்கியமா அம்மாவை இழந்த துக்கம் நிறைய வருது, வீட்ல சமீபத்துல யாராவது தவறியிருந்தா நீங்களும் கூட சேர்ந்து படிங்க.

ஈஸ்ட் எல்.ஏ. ஈஸ்ட் எல்.ஏ.ன்னு சொல்றாங்களே, எந்த ஊர்ல வேணா நடக்கலாமே இந்த கதை? (ஐடி ஊழியர்)

நடக்காதுன்னு நினைக்கறேன். கதை நடக்கற ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ்ங்கறது லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சிக்குள்ள வராத, கவுண்ட்டியோட (நம்ம மாவட்டம் மாதிரி) நேரடி நிர்வாகத்துல இருக்கற பகுதி. ஒரு லட்சத்துக்கும் மேல ஜனம், நூத்துக்கு தொண்ணூறுக்கும் மேல லத்தீனோக்கள். 1968 மார்ச்ல எங்களுக்கு ஒழுங்கான பாடம் குடு, ஸ்பானிஷ் பேசினா தண்டிக்காதேன்னு ஆயிரக்கணக்கான ஸ்கூல் பசங்க அந்த வட்டாரத்துல வகுப்பை விட்டு வெளிய நடந்தாங்க, அப்படி ஒரு மண்.

நாவல்ல எல்லாரையும் ஒரே அச்சுல வார்க்கல. ஜூலியன் குடும்பம் கொலம்பியாலேர்ந்து வந்தது, யாட்ரியல் வீட்ல மெக்சிகோ, கியூபா ரெண்டு பக்க வேரும் இருக்கு. ஜூலியனுக்கு அப்பா அம்மா இல்ல, அண்ணன் ரியோதான் வளர்க்கறான், அவன் ஃப்ரெண்ட்ஸ் வீட்டை விட்டு துரத்தப்பட்ட, இல்லன்னா வீடுன்னே ஒண்ணு சரியா அமையாத பசங்க. அதுல ஃப்ளாக்கா ஒரு திருநங்கை. இந்த மாதிரி பசங்க காணாமப் போனா போலீஸ் அவங்களா ஓடிப்போயிருப்பாங்கன்னு ஃபைலை மூடிடும்னு அவங்களுக்கே தெரியும். துப்பறியற கதை நிக்கறதே இந்த அலட்சியத்து மேலதான். யாரு பண்ணாங்கங்கற சஸ்பென்ஸை பழகின வாசகர் பாதியிலயே கண்டுபிடிச்சிடலாம், அதை ஒரு குறையாவே சொல்லலாம், ஆனா ஏன் யாரும் தேடலங்கறது கடைசி வரைக்கும் நம்மளை விடாது.

சட்டம்னு பார்த்தா கலிஃபோர்னியா முன்னாடி நிக்குது. மாணவர் தன்னை என்ன பாலினமா உணர்றாரோ அதுக்கு உரிய கழிப்பறையும் விளையாட்டு டீமும் அவருக்கு உண்டுன்னு 2013ல சட்டம் போட்டு 2014 ஜனவரிலேர்ந்து அமல். யாட்ரியல் படிக்கறது அந்த மாநிலத்து ஸ்கூல்ல, ஆனாலும் காரிடார்ல நடக்கறப்ப அவன் தோளை குறுக்கிக்கிட்டுத்தான் நடக்கறான். சட்டம் வர்றதும் பயம் போறதும் ஒரே நாள்ல நடக்காது.

யாட்ரியல் பைண்டர் போடறான்னு வருது, அது என்ன? எனக்கும் தேவைப்படுது. (பெயர், வயசு வேண்டாம்)

மார்பை தட்டையா காட்டறதுக்குன்னே தைக்கற இறுக்கமான உள்ளாடை. சரியான அளவுல வாங்கணும், சின்ன சைஸ் எடுத்தா இன்னும் தட்டையா இருக்கும்னு நினைக்காதீங்க. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல வேணாம், போட்டுக்கிட்டு தூங்கவே கூடாது, ஓட்டம் உடற்பயிற்சி பண்றப்ப கழட்டிடுங்க. முக்கியமா எலாஸ்டிக் பேண்டேஜ், டேப் இதெல்லாம் சுத்தவே சுத்தாதீங்க, மூச்சு விட விட அது இறுகும், விலா எலும்பு வரைக்கும் பாதிக்கும். மூச்சு முட்டினாலோ வலிச்சாலோ உடனே கழட்டிட்டு டாக்டரை பாருங்க. நாவல் இதையெல்லாம் பாடமா எடுக்கல, அவனோட காலை நேரத்துல ஒரு சாதாரண விஷயமா வந்துட்டு போகுது.

மேஜிக்கே ஆண், பெண்ணுன்னு ரெண்டா பிரிச்சு வெச்சிருக்கு. ரெண்டுலயும் சேராதவங்க அந்த உலகத்துல எங்க போவாங்க? யாட்ரியலை ஏத்துக்கிட்டதால அந்த பிரிவினை சரின்னு ஆயிடுமா? (முதுகலை இலக்கிய மாணவி)

வந்ததுலயே கூர்மையான கேள்வி இது. அந்த பிரிவினையை நாவல் உடைக்கல, யாட்ரியலுக்கு அதுல ஒரு கதவை திறந்து விடுது. சமூகத்துல எல்லாரையும் சேர்த்து சொல்றதுக்கு ஆண், பெண் ரெண்டும் இல்லாத ஒரு பொதுச்சொல்லை ஆசிரியர் வெச்சிருக்கார், ஆனா சடங்குக்கு வந்து நின்னா ரெண்டே வரிசைதான். ரெண்டுலயும் சேராத நான்-பைனரி பிள்ளை ஒண்ணு அந்த சர்ச்சுல போய் நின்னா தேவி என்ன சொல்லுவாள்னு எனக்கும் கேக்கத் தோணுது. ஆனா ஒண்ணு, யாட்ரியல் கேக்கறது புதுசா ஒரு உலகம் இல்ல, தன் அப்பா தாத்தா நின்ன அதே வரிசையில தனக்கும் ஒரு இடம். தன் மரபை விட்டு ஓடாம, அதுக்குள்ளயே நின்னு இது என்னோடதும்தான்னு சொல்ற பிள்ளையோட ஆசையை சின்னதா நினைக்க எனக்கு மனசு வரல. நீங்க கேட்டதை வேற ஒரு நாவல் எழுதட்டும், நீங்களே எழுதினா இன்னும் சந்தோஷம்.

இதை முடிச்சுட்டேன் அக்கா, அடுத்து என்ன? நானும் இந்த மாதிரி ஒண்ணு எழுதிக்கிட்டு இருக்கேன், டிப்ஸ் குடுங்க. (பிளஸ் டூ மாணவன்)

அதே ஆசிரியரோட 'தி சன்பேரர் ட்ரையல்ஸ்' 2022ல வந்துச்சு, அதோட ரெண்டாம் பாகம் 'செலஸ்டியல் மான்ஸ்டர்ஸ்' 2024ல. அதுலயும் ஹீரோ தியோ ஒரு திருநம்பி, பறவைகளோட தேவதைக்கு பொறந்தவன், முதுகுல றெக்கை உண்டு. தெய்வங்களோட பிள்ளைகள் போட்டி போடற கதை, தோக்கறவங்க கதி பயங்கரம். 'செமட்ரி பாய்ஸ்' அளவுக்கு வீட்டு வாசனை இல்ல, ஆனா வேகம் ஜாஸ்தி.

எழுதறதுக்கு ஒண்ணு சொல்றேன். 'செமட்ரி பாய்ஸ்' ஆரம்பிச்சதே ஒரு ஆவியை கூப்பிட்டுட்டு அதை திருப்பி அனுப்ப முடியலன்னா என்ன பண்ணுவேங்கற மாதிரி ஆன்லைன்ல பார்த்த ஒரு ஒத்த வரி ப்ராம்ப்ட்லேர்ந்துதான் (கதை எழுத தூண்டற வரி) அப்படின்னு ஆசிரியர் சொல்லியிருக்கார். அதனால பெரிய ஐடியாவுக்கு காத்திருக்காதீங்க. மந்திர உலகம் கட்டறப்ப அந்த மந்திரத்தோட விதி உங்க ஹீரோவோட வாழ்க்கைல எங்க இடிக்குதுன்னு முதல்ல யோசிங்க, யாட்ரியலுக்கு சடங்கு இடிச்ச மாதிரி. இடிக்காத விதின்னா அது வெறும் அலங்காரம், வெட்டிடலாம். அப்புறம் அவன் திருநம்பிங்கறதை தவிர அவனுக்கு வேற என்ன இருக்குன்னு ஒரு பக்கம் எழுதி பாருங்க, எதுக்கு பொறாமைப்படுவான், யார் கூட சண்டை, என்ன பொய் சொல்லுவான். யாட்ரியல் பிடிவாதக்காரன், சட்டுனு பதட்டமாவான், அடிபட்ட ஒரு பூனையை உயிரா பார்த்துக்கறான். எழுதினதுல முதல் சேப்டரை எனக்கு அனுப்புங்க, கண்டிப்பா படிச்சுட்டு பதில் போடறேன், ஃபுல் நாவலை அனுப்பாதீங்க, முதல் சேப்டர் மட்டும் போதும்.